ஊக்கு குத்திய செருப்பு

பதினோராம் வகுப்பில், ஊருக்கும் உதவுகிற மாதிரி ஒரு சிறு தொழில் தொடங்கிக் காட்டச் சொன்னார்கள். மற்ற குழுக்கள் மெழுகுவர்த்தி, காகிதப் பை என்று போக, நான் செருப்பில் கை வைத்தேன். புரட்டாசி சனிக்கிழமைகளில் பள்ளிகொண்டா பெருமாள் கோயிலுக்கு வரும் கூட்டத்தின் செருப்பை இலவசமாகப் பார்த்துக்கொள்வது. பிய்ந்திருந்தால், கேட்பவர்களுக்குக் கூலி வாங்கிக்கொண்டு தைத்துக் கொடுப்பது. எங்கள் குழுவில் நான்கு பெண்கள். நால்வர் வீட்டிலும் யாராவது ஒருவர் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனார். ஊசியும் மெழுகு நூலும் எங்களுக்குப் புதிதில்லை. டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு ஜோடி மாறிவிட்டது என்று புகார் வந்தாலும் கடையை மூடிவிட வேண்டும்.

அதெல்லாம் வராது மிஸ் என்றேன். எனக்கு அப்போதும் இப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

என் அம்மா கம்பெனியில் செக்கிங் பிரிவு. ஒரு தையல் விட்டிருந்தால்கூட ஷூவைத் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டிலும் அதே கண்தான்; என் யூனிஃபார்ம் காலர் ஒருநாளும் தப்பியதில்லை. அந்தக் கண் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் முதல் சனிக்கிழமையே, வார் பிய்ந்து ஊக்கு குத்தியிருந்த ஒரு பழுப்புச் செருப்பு வந்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதை விட்டுப்போன அக்கா தரிசன வரிசையில் நின்ற நேரத்தில் ஊக்கைக் கழற்றிவிட்டு வாரைத் தைத்தேன். ஓரத்தில் பசை வைத்து, துடைத்து, பளிச்சென்று எடுத்து வைத்தேன். கேட்காமல் செய்யாதே என்று தோழிகள் தடுத்தார்கள். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரே என்றேன்.

வெளியே வந்தவர் நாங்கள் எழுதித் தந்திருந்த எண் சீட்டைக் கொடுத்தார். நான் பெருமையாகச் செருப்பை நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை.

"இது என்னுது இல்ல. என்னுதுல ஊக்கு குத்திருக்கும்."

தைத்ததைச் சொன்னேன், நம்பவில்லை. சீட்டில் எண் சரியாக இருப்பதைக் காட்டினேன். அதை எழுதியதே நீங்கள்தானே என்றார். பசை டப்பா மூடியில் கிடந்த ஊக்கை எடுத்துக் காட்டினால், எல்லார் வீட்டிலும் இதே ஊக்குதான் என்றார். பின்னால் நின்றவர்கள் தங்கள் செருப்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்து வந்தார். கடை போச்சு என்று தோழிகள் முகம் செத்துப்போனது. எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் ஜாஸ்தி. அவ்வளவு நன்றாகத் தைத்ததற்கு இதுதான் பரிசா?

செருப்பை அவர் காலடியில் வைத்தேன். "போட்டுப் பாருங்கக்கா. தையல்தான் புதுசு. உள்ள இருக்கற பள்ளம் உங்க காலோடது."

வேண்டாவெறுப்பாகக் காலை நுழைத்தார். கட்டைவிரல் அதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. நாலு எட்டு நடந்தார், திரும்பினார், காலை உதறிப் பார்த்தார். வார் அசையவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"என்னுதுதான்" என்றவர் என்னிடம் கையை நீட்டினார். "அந்த ஊக்கைக் குடு. உன் தையல் எத்தினி நாளு தாங்குதுன்னு பாக்கலாம்."

ஊக்கை வளையலில் மாட்டிக்கொண்டு போனார். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த சனிக்கிழமை அவர் கோயிலுக்குள் போகும் முன்பே நேராக எங்களிடம் வந்தார். கையில் ஒரு கட்டைப் பை. அவர் தெருவில் பிய்ந்து கிடந்த செருப்புகளெல்லாம் அதில் இருந்தன. ஊக்கு இன்னும் வளையலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் எதற்கு அதை மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

அவர் ஊக்கைத் தொட்டுப் பார்த்தார். "இது இப்ப செருப்புக்கு இல்லம்மா, ஜாக்கெட்டுக்கு."