ஒற்றைக்கையனுக்கு ஓர் இடம்

பென் டிரைவில் படம் ஏற்றிக் கொடுக்கிற வேலையில், ஊருக்குப் பிடித்ததை ஏற்றினால் கும்பிடு, நமக்குப் பிடித்ததை ஏற்றினால் வசவு. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! பொகவந்தலாவை பஜாரில் போன் கடையில் நிற்கும் எனக்கு அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் என்றால் உயிர், அதிலும் இருட்டும் இரத்தமுமான சண்டைக் கதைகள். நண்பனைக் காட்டிக்கொடுத்துவிட்டு, பிறகு அவன் ஊரைக் காப்பாற்ற ஒற்றைக் கையால் வாள் பிடிக்கிறவனின் கதை ஒன்றைத் தமிழ்க் குரலோடு கடைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தேன். முதலாளிக்கு அது கண்ணில் விழுந்த தூசி. "தீபாவளிக்குள்ள இதுக்குக் கூட்டம் வரலைன்னா அழிச்சிருவேன்."

பொம்மைப் படம்

முதலில் வந்தது தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் சரோஜா அக்கா. பிள்ளைகளுக்குப் பொம்மைப் படம் வேண்டும் என்று திரையில் ஒற்றைக்கையனைத் தொட்டுக் காட்டினார். "அக்கா, இது பெரியவங்க பார்க்கிறது" என்றேன். "பொம்மையில என்ன பெருசு, சின்னது!" என்று வாங்கிப் போய்விட்டார்.

மறுநாள் முகம் சிவக்க வந்தார். முதல் காட்சியிலேயே ஒரு தலை உருண்டதாம். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அக்காவோ மேசைமேல் சாய்ந்து குரலைத் தணித்தார். "பிள்ளைங்கள அடுப்படிக்கு வெரட்டிட்டு நாங்க பாத்தோம். அந்த ஒத்தக்கையன் செத்துருவானா? அத மட்டும் சொல்லு தங்கச்சி."

பெரட்டில் நடந்தது

பிறகு அக்கா குடியிருக்கும் தோட்டத்து லயமே வீட்டுக்கு ஒருவராக வந்தது. ஒரு வீட்டுக்கு முதல் பகுதிகள், அடுத்த வீட்டுக்கு அதற்குப் பிந்தியவை. மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நின்று மிச்சத்தைப் பேசுவார்கள். கங்காணி கடைக்கே சண்டைக்கு வந்துவிட்டார். "பேரு கூப்பிட்டா ஒருத்தியும் ஏன்னு கேக்க மாட்டேங்குறா. அப்படி என்னதான் இருக்கு அதுல? எனக்கும் ஒண்ணு ஏத்துங்க."

ஸ்டெல்லா டீச்சர்

மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுப்பவர். அவர் வந்ததும் திரையை மறைத்தேன். ஏன் என்றார். "கதாநாயகன் நல்லவன் இல்லைங்க டீச்சர். கூட்டாளியவே காட்டிக்கொடுத்தவன்" என்றேன். டீச்சர் சிரித்துவிட்டார். "காட்டிக்கொடுத்தவனும் மறுதலிச்சவனும் நம்ம வேதத்துக்குப் புதுசாம்மா? பொறகு அழுதானா இல்லையா? அழுதான்னா ஏத்துங்க."

அழித்த நாள்

நான் லீவில் இருந்த அன்று முதலாளி சொன்னதைச் செய்துவிட்டார். ஒவ்வொருவராக வந்து போனது அவர் கண்ணுக்குக் கூட்டமாகத் தெரியவில்லை; தீபாவளிப் புதுப்படங்களுக்கு இடம் வேண்டுமாம். காலையில் வெறும் திரையைப் பார்த்து, வெட்கமில்லாமல் அழுதேன். மீதிக் கதை வாங்க வந்த சரோஜா அக்கா விஷயத்தைக் கேட்டு, வந்த வேகத்தில் லயத்துக்குத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ்ஸிலிருந்து ஒரு கூட்டம் இறங்கியது. பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்க்க அவிழ்க்க பென் டிரைவ்கள். கங்காணி சட்டைப்பையிலிருந்து ஒன்று, டீச்சர் கைப்பையிலிருந்து ஒன்று. ஒவ்வொன்றிலிருந்தும் கடைக் கம்ப்யூட்டருக்குத் திருப்பி ஏற்றினேன். ஒரு பகுதிகூடக் குறையவில்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைவாசல் தாண்டி நின்ற வரிசையை முதலாளி ஒரு தடவை பார்த்தார், பிறகு ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கூட்டம்தான் வந்துருச்சே. முதல்ல இருந்து போடு, எவன்டா அந்த ஒத்தக்கையன்னு நானும் பாக்குறேன்."

இப்போதெல்லாம் தப்பே செய்யாத கதாநாயகர்கள்தான் எங்கள் கம்ப்யூட்டரில் இடம் கேட்டுக் காத்து நிற்கிறார்கள்.