கொழுந்தும் முற்றிய இலையும்

பிள்ளைகளே, கோயமுத்தூரில் மனோதத்துவம் படிக்கும் பெண்ணொருத்தி, கட்டபெட்டுப் பக்கம் நான் வேலை செய்யும் தேயிலை எஸ்டேட்டுக்கு ஆய்வுக்காக வந்திருந்தாள். "சூப்பர்வைசர் உங்களை மரியாதையா நடத்துறாருங்களா? ஆமான்னா கொழுந்து, இல்லைன்னா முத்தின இலை. ஒவ்வொருத்தரா நான் கட்டியிருக்கிற படுதாவுக்குப் பின்னால போய் அங்க இருக்கிற பையில போட்டுருங்க" என்றாள்.

எனக்குச் சந்தேகம். அந்த சூப்பர்வைசரே இவளை அனுப்பியிருந்தால் என் வேலையும் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போய்விடும். தினமும் அவரிடம் திட்டு வாங்கும் நான் கொழுந்தையே போட்டேன்.

மாலையில் சூப்பர்வைசர் வந்து அவளிடம், "முத்தின இலை போட்டது யாரும்மா?" என்றார்.

"எனக்கே தெரியாதுங்க சார். தெரியக்கூடாதுன்னுதானுங்க படுதா கட்டினேன்."

அவர் போனதும், "என்னுதை மாத்திக்கலாங்களா அம்மணி?" என்று கேட்டேன்.

"எது உங்களுதுன்னு தெரியாதுங்களேண்ணா."

அவளை நம்பாமல் நான் போட்ட கொழுந்து, அவள் கணக்கில் இன்றும் அவருக்கு நல்ல பெயராக நிற்கிறது.