பூஜை நாளில் கேட்ட காற்று

செம்பூரில் என் மதினியின் அலுவலகத்துக்குள் நுழைந்தால் இடது பக்கச் சுவரில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். விருதுக் கேடயங்களும் சான்றிதழ்களும் அடுக்கிய அந்த அலமாரியின் நடுத்தட்டில், முடி பாதி உதிர்ந்த ஒரு ஷேவிங் பிரஷ் இருக்கிறது. மரப்பிடி. அதில் பழைய குங்குமக் கறை. வங்கியிலிருந்து வருகிறவர்களானாலும் சரி, பெரிய ஆலைகளிலிருந்து வருகிறவர்களானாலும் சரி, கேடயங்களை விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பார்கள். கேட்டால் மதினி, "அதுதான் எங்க கம்பெனியோட முதல் மெஷின்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். மதினி சிரிக்க மாட்டார். நான் பக்கத்தில் இருந்தால் என்னைக் கைகாட்டிவிட்டு டீ சொல்லப் போய்விடுவார். அப்படி வாயால் பலமுறை சொல்லிப் பழகிய கதையை இப்போதுதான் எழுதிப் பார்க்கிறேன்.

தாராவியில் எனக்கு ஒரு எலெக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. பல்பு, ஃபேன், ஒயர், மோட்டார் விற்கிறேன். கையில் எடுத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்கிப் போகும் பொருள்கள். வியாபாரம் என்றால் எனக்கு அதுதான். அண்ணன் கல்யாணமாகி மதினி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஒரு பெரிய கம்பெனியில் ஆலை ஆலையாகப் போய் கரண்ட் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்லும் வேலையில் இருந்தார். நல்ல சம்பளம், ஆபீஸ் வண்டி. திடீரென்று ஒருநாள் அதை விட்டுவிட்டு வந்து, தாராவியில் இருக்கிற சின்னப் பட்டறைகளுக்கு அதே வேலையைத் தானே செய்யப்போவதாகச் சொன்னார். பட்டறைக்காரர் ஒன்றும் கொடுக்க வேண்டாம். புது மோட்டாரோ விளக்கோ மதினியின் செலவிலேயே வரும். கரண்ட் பில் குறைந்தால், குறைந்ததில் ஒரு பங்கு மதினிக்கு. குறையாவிட்டால் ஒன்றும் கிடையாது.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மதினி, நான் கரண்டை இழுக்கிற சாமானை விக்கிறேன். நீங்க இழுக்காத கரண்டை விக்கப் போறீங்க. அதை எந்தப் பையில போட்டுக் குடுப்பீங்க?" என்று கேட்டேன். "உங்க கடைப் பையிலயே போட்டுக் குடுங்க கொழுந்தனாரே. கனமே இருக்காது" என்றார்.

முதல் பட்டறை, எங்கள் அப்பாவின் சிநேகிதரான அண்ணாச்சியுடையது. ஊர் முழுக்க அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடும். நாங்கள் வீட்டுப் பழக்கத்தில் மாமா என்போம். தெருச் சந்துக்கு இங்கே கல்லி என்று பெயர். எங்கள் கல்லியில் அவருக்கு அடுத்தடுத்து மூன்று இடங்களில் தோல் பைப் பட்டறை. ஒன்றில் தைப்பு, ஒன்றில் கொக்கி அடிக்கிற பிரஸ், ஒன்றில் கலர் தெளிப்பு. பின்பக்கம் ஒரு கம்ப்ரஸர் நின்று காற்றை அமுக்கி, சுவரோடு ஓடும் குழாய் வழியாக மூன்றுக்கும் அனுப்பும். அண்ணாச்சி ஒத்துக்கொண்டது கரண்டுக்காக இல்லை, மருமகள் கேட்கிறாளே என்றுதான். கல்லியில் மற்றவர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். அண்ணாச்சி பட்டறையில் பில் குறைந்தால் அவர்களும் வருவார்கள். குறையாவிட்டால் மதினி பழைய கம்பெனிக்கே திரும்பிப் போக வேண்டியதுதான். தீபாவளிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். மதினியும் சரி என்றிருந்தார்.

வேலையைத் தொடங்கும் முன் பட்டறை வழக்கமாக எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு மாதம் அளக்க வேண்டும். பின்னால் வருவதையெல்லாம் அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மதினி மீட்டர் பெட்டியை மாட்டிவிட்டு, "எப்பவும் போல வேலை செய்யுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கேதான் எங்கள் ஆட்கள் எங்கள் புத்தியைக் காட்டினார்கள். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் எப்பவும் போல இருக்க எங்களுக்குத் தெரியாது. பாய் மாறும், தட்டு மாறும், குரல்கூட மாறும். மருமகள் மாட்டிய மீட்டர் மருமகளின் கண் அல்லவா? அண்ணாச்சி அதன் எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆள் எழுந்து போனால் அவரே விளக்கை அணைத்தார். சாப்பாட்டு வேளையில் கம்ப்ரஸரை நிறுத்தினார். ஃபேன் போட விடவில்லை. தையல்காரர்கள் வேர்த்துக் கொட்டியபடி தைத்தார்கள். "நாலு நாளைக்குப் பொறுங்கலே. வீணடிக்கிற குடும்பம்னு நம்ம புள்ள வாயில வந்துரக் கூடாதுல்லா" என்று அவர் அதட்டியதை என் காதால் கேட்டேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நானும் இதே ஊர்க்காரன்தானே.

மாதம் முடிந்தது. பழைய மோட்டார்களும் விளக்குகளும் போய்ப் புதியவை வந்தன. அண்ணாச்சி நிம்மதியாக ஸ்டூலை எடுத்து ஓரமாகப் போட்டார். ஃபேன்கள் சுழன்றன, விளக்குகள் ஆளில்லாமல் எரிந்தன, கம்ப்ரஸர் சாப்பாட்டு வேளையிலும் உறுமியது. அடுத்த பில் வந்தபோது, புதுச் சாமான் எல்லாம் போட்ட பிறகு பட்டறை அந்த அளந்த மாதத்தைவிட அதிகமாக இழுத்திருந்தது. கல்லி முழுவதும் சிரித்தது. பக்கத்துப் பட்டறைக்காரர் என் கடைக்கு வந்து, "ஒங்க மதினி மிச்சம் புடிச்சது போதும்டே, எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒரு ஃபேன் வாங்கிக்கொண்டு போனார். அண்ணாச்சி வெட்கத்தில் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

மதினி இரண்டு வாரம் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாப்பிடும்போதுகூட முகம் எங்கோ இருக்கும். அப்படி ஒரு சாப்பாட்டு வேளையில்தான் நான் பேச்சுவாக்கில், "பாவம் மாமா, அந்த ஒரு மாசமும் ஃபேனே போட விடலியே" என்றேன். மதினி கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். முழுவதையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வழிய வழிய, அண்ணன் எழுந்து வந்து முதுகைத் தடவிக் கொடுக்கும் அளவுக்குச் சிரித்தார்.

"அளந்தது தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு மறுபடி அளந்தாப் போச்சு" என்றான் அண்ணன். மதினி மாட்டேன் என்றார். "அப்படி எழுதினா கல்லியில என்ன பேசுவாங்க? அண்ணாச்சி கோல்மால் பண்ணிட்டார்னுதானே? அவர் ஏமாத்தல. எனக்கு மரியாதை பண்ணியிருக்கார்." பிறகு என் பக்கம் திரும்பி, "கொழுந்தனாரே, நம்ம கல்லியில எல்லா மெஷினும் நிக்கிற நாள்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகூட எங்காவது ஒன்று ஓடும். யோசித்துப் பார்த்து, ஆயுத பூஜை அன்று மட்டும்தான் என்றேன். அது அந்த வாரமே வந்தது.

ஆயுத பூஜை அன்று எங்கள் கல்லியைப் பார்க்க வேண்டும். பட்டறைகளைக் கழுவிவிட்டு, தையல் மெஷின் முதல் கத்தரிக்கோல் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. மறுநாள் எடுக்கும்வரை ஒரு ஆயுதத்தையும் யாரும் தொடக் கூடாது. மதினியோடு நாங்களும் அண்ணாச்சி பட்டறைக்குப் போனோம். கற்பூரம் காட்டி, பொரியும் கடலையும் கையில் வந்த பிறகு, மதினி மெதுவாகக் கேட்டார்.

"மாமா, கம்ப்ரஸரை மட்டும் கொஞ்சம் ஓட விடுவீங்களா?"

சுற்றி நின்றவர்கள் முகம் சுருங்கியது. அண்ணாச்சி சங்கடத்தோடு, "இன்னைக்கு அதுகிட்ட வேல வாங்கக் கூடாது தாயி" என்றார்.

"வேல வாங்கல மாமா. யாரும் ஒரு பிரஸ்கூட அடிக்க வேண்டாம். அது ஓடி, ரொம்பி, தானா நிக்கட்டும். நாம சும்மா நின்னு கேப்போம். அவ்வளவுதான்."

அண்ணாச்சி மாலை போட்டிருந்த அந்த இயந்திரத்தை ஒரு பார்வை பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு அவரே சுவிட்சைத் தட்டினார். அது உறுமி, குலுங்கி, காற்று நிரம்பியதும் நின்றது. யாரும் ஒரு துளிக் காற்றைக்கூட எடுக்கவில்லை. எடுக்காத காற்று குழாய்க்குள்ளேயே இருக்க வேண்டும், கம்ப்ரஸர் நின்றது நின்றபடி நிற்க வேண்டும். ஆனால் பொரியை மென்று முடிப்பதற்குள் அது தானாக உறுமி எழுந்தது. எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நின்றது. மறுபடி எழுந்தது.

"யாருலே காத்த எடுக்கது?" என்று அண்ணாச்சி கத்தினார்.

"யாரும் இல்ல மாமா. கேளுங்க" என்றார் மதினி.

அப்போதுதான் அது எனக்குக் கேட்டது. நான் பிறந்து வளர்ந்த கல்லி. அங்கே அமைதி என்று ஒன்றை நான் கேட்டதே இல்லை. அந்த அமைதிக்குள் மெல்லிய சீறல் ஒன்று ஓடியது. ஒரே இடத்திலிருந்து இல்லை, தலைக்கு மேலே, காலடியில், பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம், குழாய் போன வழியெல்லாம். இரவும் பகலுமாக, வருஷக்கணக்காக அது அப்படிச் சீறிக்கொண்டே இருந்திருக்கிறது. பட்டறை ஓடுகிற இரைச்சலில் ஒருத்தர் காதிலும் விழவில்லை. பயம் மாதிரி இருந்தது, பக்தி மாதிரியும் இருந்தது. வீட்டுக்குள் ஒரு ஆள் கூடவே குடியிருந்ததை அன்றுதான் தெரிந்துகொண்ட மாதிரி நாங்கள் எல்லோரும் நின்றோம்.

ஸ்பானரை எடுக்க முடியாது, அது பூஜையில் இருந்தது. மதினி சோப்பு நுரை கேட்டார். அண்ணாச்சியின் ஷேவிங் பிரஷ் ஆயுதக் கணக்கில் சேராது என்று யாரோ சொல்ல, அவர் அதை எடுத்து வந்து தானே நுரை கலக்கினார். மதினி ஏணியில் ஏறிக் குழாயின் முதல் இணைப்பில் நுரையைத் தடவினார். நுரை ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு மெல்ல வீங்கி, கண்ணெதிரே ஒரு குமிழி பெரிதாகி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. கூடியிருந்தவர்கள் "ஆ" என்றார்கள். அடையாளம் வைக்க எதுவும் இல்லாததால் மதினி நுரையைத் துடைத்துவிட்டு, பூஜைத் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து அந்த இணைப்பில் ஒரு பொட்டு வைத்தார். அடுத்த இணைப்பு, அடுத்த பொட்டு. கல்லிக்காரர்கள் பட்டு வேட்டியோடும் புதுச் சட்டையோடும் குழாயைத் தொடர்ந்து நடந்தார்கள். எங்கே குமிழி வரும் என்று முதலில் சொல்வதில் பெரியவர்களுக்குள்ளேயே போட்டி. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது சுவர் நெடுக குங்குமமாக இருந்தது. எங்கள் காற்று போன வழி அது. நான் பார்த்த எந்தச் சாமி ஊர்வலமும் என்னை அப்படி வாயடைக்க வைத்ததில்லை.

மறுநாள் விஜயதசமி. புதிதாக வேலை தொடங்கும் நாளில் ஆட்கள் எடுத்த முதல் ஆயுதம் ஸ்பானர்தான். பொட்டு வைத்த இடமெல்லாம் இறுக்கி, வாஷர் மாற்றி முடித்ததும், மெஷின் எதையும் தொடாமல் மறுபடி கம்ப்ரஸரை ஓட்டினார்கள். நிரம்பியது, நின்றது. டீ வந்தது. குடித்து முடித்தோம். அது நின்றபடியே நின்றது. மீட்டரின் முன்னால் யார் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் மாறாத ஒரு கணக்கு மதினிக்குக் கிடைத்துவிட்டது. யாரும் காற்றை எடுக்காதபோது கம்ப்ரஸர் நேற்று எவ்வளவு இழுத்தது, இன்று எவ்வளவு இழுக்கிறது என்ற வித்தியாசம் அது. அண்ணாச்சி மதினியின் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அப்பம் நான் அந்த மாசம் ஃபேன அமத்துனதுதான் ஒனக்கு வெனையாப் போச்சாம்மா?" என்றார். "இல்ல மாமா. ஃபேன் இல்லாமக்கூட உங்களால இருக்க முடியும்னு தெரிஞ்சுது. அதையும் நான் எழுதி வச்சிருக்கேன்" என்றார் மதினி. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த பிரஷை அவர்தான் மதினியிடம் கொடுத்தார்.

தீபாவளிக்கு முன்பே கல்லியில் பாதிப் பேர் மதினியிடம் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பிறகு நடந்ததை இன்றும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. எங்கள் பக்கம் புது மெஷின் போட வேண்டுமானால் கூடுதல் கரண்டுக்கு அலைய வேண்டும். அலைந்து அலைந்து பலர் ஆசையையே விட்டுவிடுவார்கள். கசிந்துகொண்டிருந்தது நின்றதும், அதே லைனில் அண்ணாச்சி இன்னொரு தையல் வரிசை போட்டார். அதில் உட்கார எங்கள் பகுதிப் பெண்களே வந்தார்கள். ஒரு சுவரில் காற்று நின்றதால் சில வீடுகளில் அடுப்பு எரிந்தது. கண்ணால் காணாத பொருளை என்ன வியாபாரம் என்று கேட்டவன் நான். அதைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. மதினியிடம் வேலை செய்தவர்களில் சிலர் பிரிந்துபோய் இதே தொழிலைத் தனியாகத் தொடங்கினார்கள். எனக்குக் கோபம் வந்தது. மதினிக்கு வரவில்லை. "நான் மட்டும் இருந்தா அது கடை, கொழுந்தனாரே. போட்டிக்கு நாலு பேர் வந்தாத்தான் அது தொழில். தொழிலுக்குத்தான் பேங்க்காரன் கடன் குடுப்பான்" என்றார். இப்போது விக்ரோலி வரைக்கும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

அண்ணாச்சி இப்போது இல்லை. பட்டறையை அவர் மகள் நடத்துகிறார். ஆனாலும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கற்பூரம் காட்டியதும் கம்ப்ரஸரை ஓடவிட்டுக் காது கொடுப்பது எங்கள் கல்லியின் வழக்கமாகிவிட்டது. மதினிக்கு முழங்கால் வலி, ஏணி ஏற முடியாது. செம்பூரிலிருந்து அந்த பிரஷை மட்டும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார். ஒவ்வொரு வருஷமும் எங்காவது ஒரு சின்னச் சீறல் இருக்கும். அண்ணாச்சி மகள் நுரை கலக்கி, தடவி, பொட்டு வைப்பார்.

போன பூஜைக்கும் அப்படித்தான் நின்றோம். கம்ப்ரஸர் நிரம்பி நின்றது. நுரைக் கிண்ணம் தயாராக இருந்தது. பொரியைக்கூட யாரும் மெல்லவில்லை. மதினி கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"உங்களுக்கு ஏதாவது கேக்குதா கொழுந்தனாரே? எனக்குத்தான் காது போயிடுச்சா?"

நான் குழாயின் கடைசிவரை நடந்து கேட்டுவிட்டு வந்தேன். அண்ணாச்சி மகளும் கேட்டார். கம்ப்ரஸர் எழவே இல்லை. "ஒண்ணுமே கேக்கல மதினி" என்றேன். மதினி கண்ணைத் திறக்கவில்லை. என் கையை மறுபடி தேடிப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவரைச் செம்பூரில் விட்டுவிட்டு, பிரஷை நான்தான் அலமாரியில் திருப்பி வைத்தேன். அது நனையவே இல்லை.