பச்சைச் சட்டை டீம்

சென்னிமலை பிறந்தது ஜேடர்பாளையம் பக்கம், வாழையும் கரும்பும் விளையும் ஆற்றோரத் தோட்டத்தில். நல்ல உயரம். அவன் எம்பினால் நெட்டுக்கு மேலே இடுப்பு தெரியும் என்று ஊரில் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். எழுபத்து மூன்றில், மாரியம்மன் பண்டிகைக்கு நடந்த வாலிபால் போட்டியில் அவன் அடித்த அடியைப் பார்த்துவிட்டு, சேலத்து நூல் மில் மேனேஜர் ஒருவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மில்லுக்கு வந்துருப்பா. மெஷின் பக்கமே நீ போக வேண்டாம். பந்து ஆடினாப் போதும், மாசச் சம்பளம்."

அப்பா சின்னுசாமிக்கு இது விளங்கவே இல்லை. "பந்து தட்டறதுக்கு எவனாச்சும் சம்பளம் குடுப்பானா? ஏமாத்திப் போட்டுருவாங்க சாமி," என்றார். சென்னிமலை கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

அப்போது மில் முதலாளிகள் சிலர் சேர்ந்து தங்களுக்குள் ஒரு லீக் நடத்திக்கொண்டிருந்தார்கள். மில்லுக்கு ஒரு டீம். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு திடலில் சவுக்குக் கம்பு கட்டி, பலகை போட்டு, டிக்கெட் வைத்து ஆட்டம் நடக்கும். டீமின் பெயரை யாரும் சொல்வதில்லை, சட்டை நிறம்தான் பெயர். சென்னிமலை ஆடியது பச்சைக்கு. பின்னால் அதற்கு அவனே கேப்டன் ஆனான்.

அந்த டீமில் ரங்கன் இருந்தான். பனமரத்துப்பட்டிக்காரன், இவனைவிட வயதில் சின்னவன், குள்ளம், வாய் திறந்து அதிகம் பேச மாட்டான். ரங்கன் பந்தைத் தூக்கிக் கொடுப்பான், சென்னிமலை அடிப்பான். மற்றவர்கள் தூக்கினால் விரலில் பந்து படும் சத்தம் கேட்கும். ரங்கன் கையில் அதுகூடக் கேட்காது. சென்னிமலை பந்தைத் தேடாமலே எம்புவான், எம்பிய இடத்தில் அது இருக்கும். இரண்டு பேரும் டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் எழுந்து தன் சீட்டைக் கொடுத்த காலம் அது. கோப்பை வாங்கிய வருஷம் சென்னிமலைக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பாவாயியின் அண்ணன்மார் மாப்பிள்ளையைவிட ஆட்டத்தைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்கள்.

எழுபத்தெட்டில் முதலாளிகளுக்குள் மனஸ்தாபம். பஞ்சு விலையும் ஏறிப்போயிற்று. ஒரு மில் விலகியது, அப்புறம் இன்னொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பச்சை டீம் உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டு கோர்ட்டில் நின்றது. எதிர்ப்பக்கம் ஆளே வரவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு ரெஃப்ரி விசிலை ஊதி, பச்சை ஜெயித்ததாகக் கையைக் காட்டினார். பலகையில் உட்கார்ந்திருந்த சிலர் எழுந்து போனார்கள். லீக்கின் கடைசி ஆட்டம் அதுதான் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அந்த வாரமே ரயில்வே டீமின் கோச் தேடிக்கொண்டு வந்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க. தனித்தனியா எனக்கு வேண்டாம்," என்றார்.

சென்னிமலை நேராக மேனேஜரிடம் போனான். "அடுத்த வருஷம் லீக்கு மறுபடி ஆரம்பிக்குதுப்பா, முதலாளியே சொல்லியிருக்காரு. கேப்டன் நீ போயிட்டா அப்புறம் டீம் ஏது?" என்றார் மேனேஜர். சென்னிமலை அதை அப்படியே நம்பினான்.

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது ரங்கன் கேட்டான். "போலாமுங்களாண்ணா?"

"கொஞ்சம் பொறு ரங்கா. நம்ம டீமை நாமளே உட்டுட்டுப் போறதா?"

ரங்கன் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் வந்தது, லீக் வரவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஆட்டம் இல்லாத ஆட்டக்காரர்களுக்கு எதற்குச் சும்மா சம்பளம் என்று, மிச்சமிருந்த இவர்கள் இரண்டு பேரையும் பஞ்சுப் பொதியை உடைத்து அடிக்கும் புளோரூமில் போட்டார்கள். மூக்கு, காது, சோறு எல்லாவற்றிலும் பஞ்சுத் தூசி. ஷிப்ட் முடிந்ததும் மில் மைதானத்தில் இரண்டு பேர் மட்டும் நெட்டைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். சென்னிமலைக்கு எம்பும்போதே மூச்சு வாங்க ஆரம்பித்தது. பிறகு மைதானத்திலும் பொதிகளை அடுக்கிவிட்டார்கள்.

எண்பதில் ஒரு மத்தியானம் மெஷினில் பஞ்சு அடைத்துக்கொண்டது. நிறுத்திவிட்டுத்தான் ரங்கன் கையை விட்டான். அந்தப் பக்கம் நின்றவன் தெரியாமல் ஸ்விட்சைப் போட்டுவிட்டான். சென்னிமலை தன் வேட்டியைக் கிழித்துச் சுற்றி, அவனை மடியில் சாய்த்துக்கொண்டு ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனான். ரங்கன் கத்தவில்லை. பாதி வழியில், துணிச் சுற்றைப் பார்க்காமலே கேட்டான்.

"பெருவெரலு இருக்குதுங்களாண்ணா?"

பெருவிரல் இருந்தது. அது மட்டும்தான் இருந்தது.

எண்பத்து மூன்றில் மில்லே மூடியது. சென்னிமலை இருமலோடு ஊருக்கு வந்து, தம்பியின் தோட்டத்தில் மடை திருப்பிக்கொண்டிருந்தான். பண்டிகைக்குப் பண்டிகை ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு பனமரத்துப்பட்டிக்குப் போய் ரங்கனைப் பார்ப்பான். ரங்கன் வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, மழை உண்டா என்று பேசுவார்கள். பந்து என்ற சொல் இரண்டு பேர் வாயிலும் வராது.

எண்பத்தாறில் உள்ளூரில் ஒரு வாலிபால் போட்டி நடந்தது. வேடிக்கை பார்க்கப் போன சென்னிமலை, ஆடி முடித்து உட்கார்ந்திருந்த வெளியூர்ப் பையன்களிடம் தானும் பச்சை டீமுக்கு ஆடியதைச் சொன்னான்.

"அதெந்த டீமுங்க?" என்றான் ஒருவன்.

"மில் லீக்குல. டிக்கெட்டுப் போட்டு நடத்துனாங்க."

"வாலிபாலுக்கு டிக்கெட்டுங்களா?" அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேலி செய்யவில்லை. அண்ணன் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாளே ஒரு வாழைத்தாரோடு பனமரத்துப்பட்டிக்குப் பஸ் ஏறினான். அப்படியொன்று நடந்தது என்று சொல்ல இன்னும் ஒரு ஆள் இருக்கிறான், அவன் வாயால் ஒரு தரம் கேட்டால் போதும் என்றிருந்தது. ரங்கனின் சம்சாரம் சுப்பம்மாள் வாசலிலேயே எதிர்கொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை.

"நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்கண்ணா. நீங்க வந்துட்டுப் போனா அவரு சரியாச் சோறு திங்கறதில்லீங்க. கையையே பாத்துட்டு உக்காந்துக்கறாரு. இனிமேலு வராதீங்க."

"அவனா சொன்னான்?"

சுப்பம்மாள் திரும்பி உள்ளே பார்த்தாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ரங்கன் விழித்துத்தான் இருந்தான், வெளியே வரவில்லை. சென்னிமலை வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினான்.

வீடு வந்து சேர்ந்ததும் பாவாயி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "எப்படி இருக்கறாரு?"

"நல்லா இருக்கறான்," என்றான். அதன் பிறகு அவன் பனமரத்துப்பட்டிக்குப் போகவில்லை.