எஞ்சின் ஆறும்வரை

என் மனைவியோடு பழைய வண்டி பார்க்கப் போவதும் பல் டாக்டரிடம் போவதும் ஒன்றுதான். காத்துக் கிடக்க வேண்டும். ஒரே வித்தியாசம், இங்கே வாயைத் திறக்கக் கூடாது.

எங்கே போனாலும் முதல் வேலையாகப் பானெட்டில் உள்ளங்கையை வைப்பாள். சூடாக இருந்தால் "ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவாள். விற்கிறவர் குட்டிக்கரணம் போட்டாலும் சாவியைத் தொட மாட்டாள். டீசல் எஞ்சின் சூட்டில் சமர்த்துப் பிள்ளை மாதிரி நடிக்கும், குளிர்ந்து கிடந்து எழுந்திருக்கும்போதுதான் அதன் நிஜக் குணம் தெரியும் என்பது அவள் கட்சி. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளை 'ஆறட்டும் அக்கா' என்றே கூப்பிடுகிறார்கள். வீட்டில் நான் கோபத்தில் குதித்தாலும் அதே வார்த்தைதான் வரும். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

அவள் மெக்கானிக் இல்லை. உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றே பாதி வயதைக் கழித்தவள். பழைய வண்டியை வாங்கிவிட்டு யார் யார் என்ன பாகம் கேட்டு, எந்த முகத்தோடு திரும்பி வருகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவளுடைய அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் அவளை ஆளாக்கியவரும் அவர்தான். அவர் கிழித்த கோட்டை அவள் தாண்டி நான் பார்த்ததில்லை.

அந்த மச்சான்தான் தன்னுடைய பழைய, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர்வீல் டீசல் வண்டியை விற்கக் கிளம்பினார். வாங்க வந்தவள் ஒரு நர்ஸ். மலைமேல் இருக்கும் குடியிருப்புகளுக்குப் போய் வருகிறவள். பாதி வழிக்கு மேல் ரோடே கிடையாது, சேறும் கல்லும்தான். பிரசவ வலி வந்தவர்களைக் கீழே கொண்டுவர அவளுக்கு வண்டி வேண்டும், ஓட்டப் போவதும் அவளேதான். கடைக்கு வந்து, வண்டி யாருடையது என்று தெரியாமலே, கூட வந்து பார்த்துச் சொல்லும்படி என் மனைவியைக் கேட்டாள். அண்ணன் வண்டிக்குப் பஞ்சாயத்துப் பண்ணப் போகாதே, இரண்டு பக்கமும் உன் தலைதான் உருளும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவள் அந்தப் பெண்ணிடம், "அது எங்க அண்ணன் வண்டிதான், ஆனாலும் பார்க்கிறபடிதான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறாள்.

நாங்கள் போனபோது வண்டி குளித்துத் தலைவாரின மாதிரி வாசலில் நின்றது. மச்சானும் அப்படித்தான் நின்றார். என் மனைவி பானெட்டில் கையை வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. மச்சான் தரையைப் பார்த்தார்.

"ஆறட்டும்ணே" என்றாள்.

ஷெட்டிலிருந்து வெளியே எடுத்ததற்கே இந்தச் சூடு என்றார் மச்சான். ஷெட் அங்கேயேதான் இருந்தது, எட்டிப் பிடித்துவிடலாம். அதற்குள் எந்த எஞ்சினும் இப்படிக் கொதிக்காது என்பது எனக்கே தெரியும்.

அவள் சும்மா இருக்கவில்லை. ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தாள். வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தாள். அடிப்பக்கம் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால் துருவை மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். இங்கே பழைய சேறுதான் ஒட்டியிருந்தது, அதற்குள் இரும்பு கெட்டியாகச் சத்தம் கொடுத்தது. நர்ஸையும் குனிய வைத்து டயர்களைக் காட்டினாள். நாலும் ஒரே அளவில், ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது கியர் தன்னைத்தானே தின்றுவிடும் என்றாள். நாலும் ஒன்றாகவே இருந்தன. ஃபோர்வீல் போடும் சின்ன லிவர், பயன்படுத்தாத வண்டிகளில் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். இதில் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

"எங்க அண்ணன் அளவுக்கு வண்டியைப் பார்த்துக்கிறவங்க கம்மி" என்று சத்தமாகவே சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள். மச்சானுக்கு முகமெல்லாம் பூரிப்பு. சரி, இதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். திரும்பவும் போய்ப் பானெட்டில் கையை வைத்தாள். இன்னும் ஆறவில்லை என்றாள்.

மச்சான் வெடித்துவிட்டார். தூக்கி வளர்த்தது, வேலை வாங்கித் தந்தது, கல்யாணம் பண்ணி வைத்தது எல்லாவற்றையும் இழுத்தார். என் மேலேயே சந்தேகமா, இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே என்றார். நானாக இருந்தால் பதிலுக்குப் பதில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டியிருப்பேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"இந்தப் பொண்ணு மலை மேல நிக்கிறப்ப நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன். இந்த எஞ்சின் மட்டும்தான் இருக்கும்ணே."

என் பெண்டாட்டி என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் உறவே போய்விடும் என்று தெரிந்தும் அப்படி உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

வாசல் நிழல் சுவரை விட்டு நகர்ந்து போன பிறகு, சாவியை வாங்கி நர்ஸிடம் கொடுத்தாள். அங்கே ஸ்டார்ட் பண்ணப் போகிறவள் அவள்தானே. எஞ்சினை முன்கூட்டிச் சூடாக்கும் ஹீட்டரின் விளக்கு அணையும்வரை பொறுத்து நர்ஸ் சாவியைத் திருப்பினாள். பேட்டரி நன்றாகத்தான் சுற்றியது. எஞ்சின் இருமியது, வெள்ளைப் புகையைக் கக்கியது, ஆனால் பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினாள். புகைதான் வந்தது. உள்ளே காற்றை இறுக்கிச் சூடேற்றும் கம்ப்ரஷன் போய்விட்டது, எஞ்சினைப் பிரித்து வேலை செய்யாமல் இதை வாங்காதே என்று என் மனைவி நேரடியாகவே சொன்னாள்.

காலையில் தள்ளியதுபோல நாலு பேர் கொஞ்சம் தள்ளினால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்று மச்சான் முனகினார்.

"வலியில துடிக்கிறவளை உள்ள உட்கார வெச்சுட்டு, யாருண்ணே தள்ளுறது?"

மச்சான் அவளைப் பார்த்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மறுபடி கத்தப் போகிறார் என்று நான் தயாரானேன். அவரோ நர்ஸைப் பார்த்துப் பேசினார்.

"எடுக்காதம்மா. போன மாசம் விடியக்காலையில என் சம்சாரத்துக்கு மூச்சு முட்டிப் போச்சு. அவளை உள்ள உட்கார வெச்சுட்டு நான் ஒருத்தனே இதைத் தள்ளிக்கிட்டு இருந்தேன். நகரவே இல்ல. அந்தப் பக்கமா வந்த பால் வண்டியில ஏத்திக்கிட்டுப் போனேன். அதுலேருந்து இதைப் பார்க்கவே பிடிக்கல."

அண்ணிக்குக் காய்ச்சல் என்று மட்டும்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். என் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்னை ஏண்ணே கூப்பிடல?"

"வண்டியை ஏன் இப்படி வெச்சிருக்கேன்னு முதல்ல அதைத்தான் கேப்பியோன்னு தோணுச்சு."

கேட்டிருப்பாளோ என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது, மறைப்பானேன். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று அவள் இன்னும் பார்க்கவில்லை. ஸ்டியரிங் எவ்வளவு ஆடுகிறது என்றும் பார்க்கவில்லை. எந்த வண்டியையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவள், கையில் ஒட்டிய கிரீஸைக்கூடத் துடைக்காமல் வீட்டுக்குள் போனாள். நர்ஸும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனாள்.

உள்ளே அண்ணியின் குரல் மெல்லிசாகக் கேட்டது. வண்டி என்ன ஆயிற்று, பிடித்திருந்ததா என்று விசாரித்தார்.

"வண்டி கிடக்குது அண்ணி. நீங்க சொல்லுங்க, இப்ப மூச்சு எப்படி இருக்கு?"