லுரீனின் மூன்று நிமிடம்

டிசம்பர் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஸ்லேட் க்ரீக் பள்ளத்தாக்கில் ஆறு வீட்டுக் குழாய்களிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் நின்றது. அதற்குக் காரணம் லுரீன் ராட்லிஃபின் துப்பாக்கி.

லுரீனுக்கு அப்போது வயது அறுபத்தொன்று. வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், மலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற அந்த மாவட்டத்தில், முப்பத்தொரு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். ரோடு ஐஸாய் உறைந்த நாளில்கூட ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்பு வந்ததில்லை. மாவட்டத்தில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பாதிப் பேர் அவள் குரலுக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள்தான். ஆனால் பெரியவர்கள் கூடின இடத்தில் பேசச் சொன்னால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சர்ச்சில் எழுந்து நாலு வார்த்தை சாட்சி சொல்லும்படி கேட்டுக் கேட்டுப் போதகரே ஓய்ந்துபோயிருந்தார்.

அந்த நவம்பர் தேர்தலில் மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் ஆட்சி கைமாறியது. ஜனவரியில் சட்டசபை கூடியதும் சில வகைத் துப்பாக்கிகளுக்குத் தடை வரப்போகிறது என்று செய்தி வந்தது. செய்தி மலையேறி வருவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. போலீஸ் வீடு வீடாக வந்து அலமாரியைத் திறந்து அள்ளிக்கொண்டு போகும் என்றார்கள். ஒரே வாரத்தில் தோட்டாக் கடை காலி. இரும்புக் கடையில் பருத்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றுகூட மிச்சமில்லை. "இந்தக் குளிர்ல ஊரே குழாய் வேலை பாக்குதா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, வந்தவர்கள் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

கடைசிக் குழாயை வாங்கி வந்தவன் லுரீனின் கணவன் டெல்மர். நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் இறங்கி, நெஞ்செல்லாம் கரி படிந்து, வீட்டோடு இருந்தவன். இரண்டு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் அந்த டிசம்பரில் அவனுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், டெல்மரின் நான்கு துப்பாக்கிகளும் மான் வேட்டைக்கானவை. அவற்றைத் தடை செய்ய யாருமே நினைக்கவில்லை. பட்டியலில் இருந்த மாதிரித் துப்பாக்கி அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அது லுரீனுடையது. இரண்டு வருடத்துக்கு முன் தீயணைப்பு நிலையக் குலுக்கலில் விழுந்தது. இரண்டாம் பரிசான பன்றித் தொடைக்கு ஆசைப்பட்டுத்தான் அவள் சீட்டு எடுத்தாள். முதல் பரிசு விழுந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு மார்ச் மாதக் காலையில், கோழிக்கூண்டை வளைத்துக்கொண்ட கயோட்டி ஓநாய்கள் மூன்றை அதை வைத்து விரட்டினாள். அன்றிலிருந்து அதைத் துடைத்து எண்ணெய் போடுவது அவளே.

"லேசா இருக்கு, தோள்ல இடிக்கல. எனக்குன்னு செஞ்ச மாதிரி இருக்கு," என்பாள்.

"அதான் சொல்றேன், புதைச்சிரலாம்," என்றான் டெல்மர். "போலீஸ் வந்து கேட்டா, ஆத்துல விழுந்துருச்சுன்னு சொல்லிக்கலாம்."

"முப்பது வருஷமா பொய் சொல்ற பிள்ளைங்க மூஞ்சியைப் பாத்துப் பழகினவ நான். என் மூஞ்சில பொய் நிக்குமாய்யா?"

நிற்காது என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் துப்பாக்கிக்கு எண்ணெய் தடவி, ஈரம் இழுக்க ஒரு காலுறை நிறைய அரிசி கட்டி வைத்து, குழாயின் இரண்டு வாயையும் பசை போட்டு அடைத்தான். மண் இறுகிக் கிடந்ததால் லுரீனின் தம்பி ஹார்லெஸ் பொக்லைனைக் கொண்டுவந்தான். யார் கேட்டாலும் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி என்று சொல்வதாக ஏற்பாடு.

மூன்றாவது தடவை மண்ணை வாரும்போது பொக்லைனின் பல் எதையோ கவ்வியது. படீர் என்று ஒரு சத்தம். பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வரும் குழாய் உடைந்து, வீட்டுக் கூரை உயரத்துக்குத் தண்ணீர் எழும்பியது.

பள்ளத்தாக்கே வெளியே வந்துவிட்டது. அடுத்த வீட்டு ஓப்பல் தலை நிறைய ஷாம்பு நுரையோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். சேற்றுக்கு நடுவில் டெல்மர் தொப்பலாய் நனைந்து, அந்த நீளக் குழாயைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"கழிவுநீர்த் தொட்டி," என்றான்.

ஓப்பல் குழாயைப் பார்த்தாள். லுரீனைப் பார்த்தாள். "எங்க வீட்டுத் தொட்டி ஆப்பிள் மரத்தடியில இருக்கு," என்றாள் மெல்ல.

பின்னாலிருந்து ஒருவர், "எங்களுது புகைக்கொட்டகை அடியில," என்றார். இன்னொருவர் நாய்க்கூண்டைச் சொன்னார். அப்புறம் சிரிப்பு அடங்கவே இல்லை. ஊருக்கே தெரியாமல் ஊரே புதைத்திருந்தது. துணை ஷெரிஃப் டாய்லின் கார் வளைவில் திரும்பி வந்து நின்றபோதுதான் எல்லோரும் வாயை மூடினார்கள்.

டாய்ல் பத்து வருடம் லுரீனின் பேருந்தில் இரண்டாவது இருக்கையில் போனவன். இறங்கி வந்து குழியையும் குழாயையும் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்தான்.

"மிஸ் லுரீன், தண்ணி ஆபீசுக்குச் சொல்லிட்டேன். மத்தியானத்துக்குள்ள வருவாங்க. அந்தக் குழாய்ல என்ன இருக்குன்னு நான் கேக்கல. ஆனா நீங்க ஏன் ஒளிக்கிறீங்க? இன்னைக்குத் தேதிக்கு அது குத்தம் இல்லையே."

அந்த வார்த்தை லுரீனைச் சுட்டது. அன்று மத்தியானம் பீன்ஸும் சோள ரொட்டியும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அதை வெளிய எடு டெல்மர்," என்றாள். "மண்ணுல ஒளிச்சா நான் ஏதோ தப்பு பண்ண மாதிரி ஆயிருது. வியாழக்கிழமை மாவட்டக் குழு கூடுதுல்ல? நான் போய்ப் பேசப் போறேன்."

டெல்மர் கரண்டியைக் கீழே வைத்தான். "நீயா?"

"ஆமா. நான்தான்."

பெயர் கொடுத்தால் பேச மூன்று நிமிடம் தருவார்கள். கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் சர்ச் வண்டியை அவளே ஓட்டினாள். பதினைந்து பேர் உட்காரும் வண்டியில் இருபத்திரண்டு பேர். வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிறத் தொப்பிகள், மடியில் பிஸ்கட் டப்பாக்கள், பின்னிருக்கையில் பாட்டு. கீழே பெரிய சாலைக்கு வந்தபோது முன்னும் பின்னும் கண்ணுக்கு எட்டிய வரை வண்டி விளக்குகள். இந்த மாவட்டத்தில் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பிப் போகத் தோன்றவில்லை.

உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் எண்ணூறு பேருக்கு மேல். சட்டத்தை மதித்து நடக்கிற யாருடைய துப்பாக்கியையும் பிடுங்க மாவட்டப் பணமோ ஆளோ தரக்கூடாது என்பதுதான் அன்று குழுவின் முன் வந்த தீர்மானம். ஒவ்வொருவராகப் பேசப் பேசக் கூரை அதிர்ந்தது.

பேசுவோர் பட்டியலில் லுரீனுக்கு முந்தின பெயர் ட்விலா மேப்ரி. சிறு மருத்துவமனைச் செவிலி. ஒரு கையில் காகிதத்தோடு வந்து மைக்கைப் பிடித்தாள்.

"என் பையன் பதினெட்டு வயசுல போயிட்டான்," என்றாள். "எங்க வீட்டுத் துப்பாக்கிதான். அலமாரி பூட்டாம இருந்துச்சு. சட்டம் வந்தா நல்லதுன்னுதான் நான் நெனைக்கிறேன்."

முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு ஒருவன் எழுந்து "போதும், இறங்கு" என்றான். பின்வரிசையில் ஊளை கிளம்பியது. பெஞ்சுப் பலகையைக் காலால் தட்டினார்கள். தலைவரின் சுத்தியல் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ட்விலா கையிலிருந்த காகிதத்தை மடிக்கத் தொடங்கினாள்.

லுரீன் எழுந்தாள். யோசித்து எழுந்தாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"உக்காருங்க."

அவள் கத்தவில்லை. ஐஸ் ரோட்டில், வளைவுக்கு முன்னால், பேருந்துக் கண்ணாடியைப் பார்த்தபடி முப்பத்தொரு வருடம் சொன்ன அதே குரல். எண்ணூறு பேரில் பாதிப் பேரின் முட்டி தானாக மடங்கியது. அதைப் பார்த்து மீதிப் பேரும் உட்கார்ந்தார்கள். சுவரோரம் காவலுக்கு நின்ற டாய்லும் உட்கார்ந்துவிட்டு, அசடு வழிய மறுபடி எழுந்து நின்றான்.

"அவ பேசி முடிக்கல," என்றாள் லுரீன். "நீ பேசும்மா."

ட்விலா முடித்தாள். கைதட்டல் இல்லை, ஊளையும் இல்லை. லுரீன் மைக்கை நோக்கி நடந்தாள். எழுதி வந்த சீட்டு வண்டியிலேயே கிடந்தது.

"என் பேரு லுரீன் ராட்லிஃப். ஸ்லேட் க்ரீக்ல போலீசைக் கூப்பிட்டா முக்கால் மணி நேரம் ஆகும். டாய்ல் நல்ல பையன்தான், ரோடு நல்லா இல்ல. அதனால என் துப்பாக்கியை நான் குடுக்க மாட்டேன். போன வாரம் அதைப் புதைக்கப் பாத்தேன். ஆறு வீட்டுக்குத் தண்ணி போச்சு."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. அவள் காத்திருந்தாள்.

"இனிமே புதைக்க மாட்டேன். நான் குத்தவாளி இல்ல. அதை நேரா உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன். ட்விலா சட்டத்தைப் பத்தி சொன்னதை நான் ஒத்துக்கல. ஆனா அலமாரியைப் பத்தி சொன்னது சரி. எங்க அலமாரிக்கும் பூட்டு இல்ல. டெல்மர், நாளைக்கு ஒண்ணு வாங்கிட்டு வா."

"சரி," என்று எங்கிருந்தோ டெல்மரின் குரல் கேட்டது. எண்ணூறு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஐந்து உறுப்பினர்களும் கை தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. யார் யாரோ அவளைக் கட்டிப்பிடித்தார்கள். வழியெல்லாம் வண்டிக்குள் ஒரே பாட்டு. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அவளுக்குப் பேச்சு அடங்கவில்லை. "இன்னும் ஒரு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு. எவ்வளவு சொல்லியிருக்கலாம்," என்று டெல்மரைத் தூங்கவிடாமல் புலம்பினாள்.

பிப்ரவரியில் அந்தச் சட்டத்தை ரிச்மண்டில் அடுத்த வருடத்துக்கு ஒத்திவைத்தார்கள். கதவைத் தட்ட யாரும் வரவில்லை. ஊர் வேறு பேச்சுக்குப் போய்விட்டது. லுரீனுக்கு மட்டும் பேச்சு ருசி விடவில்லை. ரோட்டைப் பற்றி, பள்ளிக்கூட அடுப்பைப் பற்றி, மாவட்டக் குழு கூடும்போதெல்லாம் போய்ப் பெயர் கொடுத்தாள். கடைசியில் அந்தக் குழுவுக்கே தேர்தலில் நின்றாள். பத்தொன்பது ஓட்டில் தோற்றாள்.

முடிவு வந்த மறுநாள் மளிகைக் கடையில் ட்விலா அவளை நிறுத்தினாள். "நான் உனக்குத்தான் போட்டேன். உன் துப்பாக்கிக்கு இல்ல."

"தெரியும்," என்றாள் லுரீன். "அடுத்த தடவை இன்னும் பத்தொம்பது பேரைக் கூட்டிட்டு வா."

"இருபது," என்றாள் ட்விலா. "சமமா வந்தா என்ன பண்ணுவ?"

வீட்டில் டெல்மர்தான் தோல்வியைத் தாங்காமல் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தான். மூன்றாம் நாள் மூச்சிரைக்க மூச்சிரைக்க, அடுத்த தேர்தல் பலகைகளுக்கு மரம் அறுக்கத் தொடங்கினான். தேர்தலுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது.