மஞ்சள் ரிப்பன் குத்திக்கொண்டு தம்பிக்காகப் பேசியவள்

எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க, இப்ப விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு மூச்சக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. பெரிய டாக்டரே ஒருநாள் வாய்தவறி "இவரை மூச்சக்காகிட்ட அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. வயது முப்பத்தாறு. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் பேசினால் நியாயம் இருக்கும் என்பார் அவள் புருஷன். அவர் ரொட்டி வேன் ஓட்டுகிறவர். அதிகாலையில் கடை கடையாக ரொட்டி போட்டுவிட்டு, பத்து மணிக்குள் நாள் முழுவதற்குமான பேச்சைப் பேசி முடித்துவிடுவார். மீதி நேரம் அவள் பேசுவாள், அவர் கேட்பார்.

அவளுடைய அப்பா தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். முட்டிபோட்டே வேலை செய்து முட்டியே போனது. மகளைப் படிக்கவைக்கக் கையில் காசு இல்லை. பாங்கில் கடன் வாங்கித்தான் எக்ஸ்ரே படிப்பு படித்தாள். படிப்பு இரண்டு வருஷம். கடன் பத்து வருஷமும் பத்து மாதமும். கல்யாணத்தை மூன்று வருஷம் தள்ளிப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு கிளினிக்கில் வேலை பார்த்தாள். ஒரே குடையை நான்கு தடவை கம்பி மாற்றினாள். கடைசித் தவணை கட்டிய அன்று பாங்க் கிளார்க் முத்திரை குத்தி ஒரு தாளைக் கொடுத்தார். அவள் அங்கேயே நின்று வாசித்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஏதாவது வேணுமா மேடம்?" என்றார் அவர்.

"ஒண்ணும் வேணாம் சார். நல்லாயிருக்கு, அதான் பார்த்துட்டிருக்கேன்."

அது நடந்து சரியாக எட்டு மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நோயாளிகள் உட்காரும் ஹாலில் இருந்த டி.வி. சொன்னது: கல்விக் கடன் மொத்தத்தையும் தள்ளுபடி செய்யலாமா என்று அரசாங்கம் யோசிக்கிறது, மக்கள் கருத்தைக் கேட்க ஒரு குழு ஊர் ஊராக வரப்போகிறது.

அவ்வளவுதான், ஆஸ்பத்திரி பற்றிக்கொண்டது. மகனைக் கல்லூரிக்கு அனுப்பியிருந்த நர்ஸம்மா "இப்பதான் ஒரு நல்ல புத்தி வந்திருக்கு" என்றாள். "அப்போ என் வீட்டுக் கடனையும் தள்ளட்டுமே, நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்" என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர். விலா எலும்பு முறிந்து வந்திருந்த ஒரு பெயிண்டர், வலியையும் மறந்து, "படிச்சவன் கடனை நான் எதுக்குங்க கட்டணும்?" என்று மெஷின் முன்னால் நின்றே வாதாடினார். அவர் வாயை மூடாததால் படம் மூன்று தடவை கலங்கிப்போயிற்று.

"அண்ணே, உங்க பக்கம் நியாயம் இருக்கு. ஆனா விலா எலும்புக்கு அது புரியாது. ஒரு நிமிஷம் அசையாம நில்லுங்க" என்றாள் மூச்சக்கா.

நியாயம் இருக்கு என்று அவள் ஒப்புக்குச் சொல்லவில்லை. அவளுக்கும் வயிறு எரிந்தது. எட்டே மாதம். எட்டு மாதம் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் என்ன? குடைக்குக் கம்பி மாற்றிய நாலு தடவையும் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஒழுங்காகக் கட்டினவள் ஏமாளி, கட்டாதவன் கெட்டிக்காரன் என்றா ஆகிப்போச்சு?

இதில் இன்னொரு சிக்கல். அவளுக்கு ஒரே தம்பி, எட்டு வயது இளையவன். அவனும் கடன் வாங்கித்தான் கம்ப்யூட்டர் படிக்கப் போனான். மூன்றாம் வருஷம் தொடங்கிய முதல் மாதமே அந்தத் தனியார் கல்லூரியை இழுத்து மூடிவிட்டார்கள். பட்டமும் இல்லை, வேலையும் இல்லை, கடன் மட்டும் குத்துக்கல் மாதிரி நின்றது. இப்போது ஒரு கூரியர் கம்பெனி கிடங்கில் பார்சல் பிரிக்கிறான். செய்தி வந்த அன்று சாயங்காலமே போன் செய்தான்.

"அக்கா, பார்த்தியா? இனிமே நான் மூச்சு விடலாம்."

அவள் வாய் சும்மா இருக்குமா. "நான் கட்டினேன்ல? நீயும் கட்டுடா" என்றாள்.

"உனக்குப் படிப்பு கிடைச்சுது, நீ கட்டினே. எனக்குப் பூட்டுதான் கிடைச்சுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு ஆறு வாரம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

குழு வந்த சனிக்கிழமை காலை, பள்ளிக்கூடத்தின் பெரிய விளையாட்டு ஹாலில் கூட்டம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேடை. வாசலில் ஒரு பெண் எல்லாருக்கும் டோக்கனும் ரிப்பனும் கொடுத்துக்கொண்டிருந்தாள். தள்ளுபடி வேண்டும் என்பவர்களுக்குப் பச்சை, கூடாது என்பவர்களுக்கு மஞ்சள். பச்சை இடது பக்கம், மஞ்சள் வலது பக்கம் உட்கார வேண்டும். மூச்சக்கா மஞ்சளை வாங்கிக் குத்திக்கொண்டாள். டோக்கன் எண் நூற்றுப் பதினெட்டு. அவ்வளவு பேரைக் கூப்பிடவே மாட்டார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது.

அவள் புருஷனிடம் அந்தப் பெண் கேட்டாள், "சார், உங்களுக்கு எந்தக் கலர்?"

"நான் வண்டி ஓட்டிட்டு வந்தவன்மா."

"ஏதாவது ஒண்ணு எடுத்தாத்தான் சார் உள்ள விடுவாங்க."

அவர் இரண்டையும் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்திக்கொண்டு நடுவழியில் போய் நின்றார். "உங்களுக்குன்னு ஒரு கருத்து கிடையாதா?" என்று அவள் பல்லைக் கடித்தாள். "இருக்கு. வீட்டுக்குப் போய் நிம்மதியா சாப்பிடணும்" என்றார் அவர்.

எதிர்ப்பக்கம் நாலாவது வரிசையில் தம்பி உட்கார்ந்திருந்தான், பச்சை ரிப்பனோடு. இளைத்திருந்தான். அவள் பார்த்ததும் அவன் கூடைப்பந்து வளையத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம், அப்புறம் மணி. குழுத் தலைவி ரிட்டயரான ஜட்ஜ் அம்மா, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். முதலில் ஒரு பிளம்பர் எழுந்தார். "பதினேழு வயசுல எனக்கும் படிக்க ஆசைதான். கடன்னா பயம், அதான் ஸ்பானரை எடுத்தேன். பயந்தவன் கட்டணும், பயப்படாம வாங்கினவன் தப்பிக்கணுமா? இது என்ன கணக்கும்மா?" வலது பக்கம் கைதட்டி அதிர்ந்தது. மூச்சக்காவும் உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். அடுத்து ஒரு டீச்சர் எழுந்து, "என் வீட்டுப் பிள்ளை படிச்சா எனக்கு மட்டுமா லாபம்? நாளைக்கு உங்களுக்கு ஊசி போடப் போறது யாரு?" என்றார். இடது பக்கம் எழுந்தே நின்றுவிட்டது. ஹால் கொதிக்கக் கொதிக்க அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பள்ளியில் ஓட்டப் பந்தயம் ஓடிய நாளுக்குப் பிறகு நெஞ்சு இப்படி அடித்ததில்லை.

"டோக்கன் இருபத்தேழு" என்று கூப்பிட்டார்கள். தம்பி எழுந்தான்.

மைக் முன்னால் போய் நின்றான். தாளைப் பிரித்தான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாலு பேருக்கு முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பச்சைக்காரர்கள் "பேசுப்பா, பேசு" என்றார்கள். மஞ்சள் பக்கம் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மூச்சக்காவின் காதில் ஊசி மாதிரி ஏறியது. திரும்பி யார் என்று பார்த்தாள்.

தம்பி தாளை மடித்துப் பையில் வைத்தான். மைக்கில் குனிந்து, "எனக்குப் பேச வரல. எனக்குப் பதிலா எங்க அக்கா பேசும்" என்று வலது பக்கம் கையைக் காட்டினான்.

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மஞ்சள் ரிப்பன்.

"அந்தம்மா எதிர்ப்பக்கம் ஆச்சே" என்று ஒருவர் கத்தினார். "செல்லாது, செல்லாது" என்றார் இன்னொருவர். ஜட்ஜ் அம்மா கையை உயர்த்தினார். கிளார்க் விதிப் புத்தகத்தைப் புரட்டி, "தனக்குப் பதிலா ஒருத்தரை நியமிக்கலாம்னு இருக்கு மேடம். அவங்க எந்தப் பக்கம் இருக்கணும்னு போடல" என்றார்.

"அப்போ வரலாம். மூணு நிமிஷம்" என்றார் ஜட்ஜ் அம்மா.

அவள் எப்படி நடந்து போனாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு ரிப்பன் குத்தியிருந்த புருஷன் வழிவிட்டார். தம்பி மைக்கைத் திருப்பி அவள் உயரத்துக்கு இறக்கிவிட்டு, ஒதுங்கி நின்றான்.

"நான் இந்தத் தள்ளுபடிக்கு எதிரா பேசத்தான் வந்தேன்" என்று ஆரம்பித்தாள். "ஒம்பது மாசம் முன்னாடிதான் என் கடனைக் கட்டி முடிச்சேன். எனக்குப் பொறாமைதான். அதை மறைக்கல, எழுதிக்கோங்க. ஆனா இது இவனோட மூணு நிமிஷம். அதனால இவன் விஷயத்தைச் சொல்றேன்.

"மூணாவது வருஷம் ஃபீஸ் கட்ட நான்தான் லீவு போட்டுட்டு கூடப் போனேன். கவுன்டர்ல ரெண்டு மணி நேரம் நின்னோம். முழு வருஷத்துக்கும் முன்கூட்டியே கட்டணும்னாங்க, கட்டினோம். பத்தொன்பது நாள் கழிச்சு இவன் போன் பண்ணி, காலேஜ் பூட்டியிருக்குன்னான். போய்ப் பார்த்தேன். பெரிய பித்தளைப் பூட்டு. கேட்ல ஒரு தாள் ஒட்டியிருக்கு, அதுல கையெழுத்துகூட இல்ல. அறுநூறு பிள்ளைங்க ரோட்ல. நான் இவனை அங்கேயே, அத்தனை பேர் முன்னாடி, அப்பவே சொன்னேன்ல, அந்தக் காலேஜ் வேணாம்னு சொன்னேன்லன்னு திட்டினேன்."

ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"காலையிலேருந்து பார்க்கிறேன். கட்டின நான் இங்க இருக்கேன். கட்டி மாளாத இவன் இருக்கான். கடனே வாங்காத பிளம்பர் அண்ணன் இருக்காரு. எங்களுக்குள்ள யாரு யோக்கியம்னு காலையிலேருந்து அடிச்சுக்கிறோம். அந்த ஃபீஸை வாங்கிட்டுப் பூட்டைப் போட்டுட்டுப் போனவர் எங்கங்க? அவருக்கு எந்தக் கலர் ரிப்பன் கொடுத்தீங்க? அவருக்கு டோக்கன் எத்தனை? கடனா வந்த பணம் எங்க கையில ஒரு நாள்கூட நிக்கல, பாங்க்லேருந்து நேரா அவர் கைக்குப் போச்சு. தள்ளுபடி பண்றதா இருந்தா பண்ணுங்க. ஆனா அவர்கிட்டயிருந்து வாங்கிட்டுப் பண்ணுங்க. இல்லாட்டி பத்து வருஷம் கழிச்சு இதே ஹால்ல, இதே நாற்காலியில வேற பிள்ளைங்க—"

மணி அடித்தது. அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

முதலில் தட்டியது அந்த பிளம்பர். பிறகு இடது பக்கமா வலது பக்கமா என்று பிரிக்க முடியாமல் ஒரே சத்தம். சிரித்தவர் யார் என்று பார்த்து வைத்திருந்தாளே, அவரும் தட்டிக்கொண்டிருந்தார். ஜட்ஜ் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எதையோ எழுதினார்.

வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் தம்பியைப் பிடித்தாள்.

"ஏண்டா, உன் பக்கம் நூறு பேர் இருக்காங்க. போயும் போயும் என்னைக் கூப்பிட்டே? நான் உன்னைக் கவிழ்த்து விட்டிருந்தா?"

"நீ என்னைத் திட்டும்போதெல்லாம் அந்தக் கதையை ஒரு வார்த்தை விடாம சொல்லுவேக்கா. பத்தொன்பது நாள்னு எனக்கே ஞாபகம் இல்ல. வேற யாருக்குத் தெரியும்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "கேட் முன்னாடி அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்றாள். "பரவாயில்ல விடு" என்றான் அவன். புருஷன் வந்து, "மச்சான், பேசி முடிச்சாச்சுன்னா வண்டியில ஏறு. எனக்குப் பசிக்குது" என்றார்.

அடுத்த வாரம் முழுக்க, 'பொறாமைதான், எழுதிக்கோங்க' என்று அவள் சொன்ன துண்டு எல்லார் போனிலும் ஓடியது. நோயாளிகள் அவளோடு படம் எடுத்துக்கொள்ளக் கேட்டார்கள். "இங்க நான்தான் படம் எடுப்பேன்" என்று விரட்டினாள்.

நாலரை மாதம் கழித்து முடிவு வந்தது. எல்லாருக்கும் தள்ளுபடி இல்லை. கல்லூரி மூடிப்போன பிள்ளைகளின் கடன் முழுவதும் ரத்து. அந்தப் பணத்தை நடத்தினவர்களின் சொத்திலிருந்து வசூலிக்க வழக்கு. மற்றவர்களுக்கு வட்டி பாதி. ஏற்கெனவே கட்டி முடித்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. அந்த வரியை மூச்சக்கா மூன்று தடவை வாசித்தாள். மூன்று தடவையும் அப்படியேதான் இருந்தது. தம்பி போனில் கத்தியபோது அவளும் கத்தினாள், சந்தோஷம் உண்மைதான். ஆனால் இரண்டு நாள் வீட்டில் பாத்திரமெல்லாம் சத்தமாகத்தான் கழுவப்பட்டது. புருஷன் ஒன்றும் கேட்காமல் துடைத்து அடுக்கினார்.

தவணை நின்ற முதல் மாதம், தம்பி நாலு பேரோடு இருந்த அறையைக் காலி செய்துவிட்டுத் தனி வீடு பிடித்தான். ஒரே ஒரு அறை, ஆனால் இரண்டு ஜன்னல். இவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டான். நாற்காலி இன்னும் வாங்கவில்லை, தரையில் நியூஸ்பேப்பரை விரித்து உட்கார்ந்தார்கள். கூட்டத்தில் பழக்கமான பிளம்பரும் வந்திருந்தார். குழாயைச் சரிசெய்து கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றவர், சாப்பிடும்போது ஆரம்பித்துவிட்டார். "இருந்தாலும் தம்பி, மத்தவனுக்கு வட்டி பாதின்னாங்களே, அது என் வரிப்பணம்தானே?"

"அப்போ கட்டி முடிச்சவங்களுக்குப் பாதி வட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்க, அதைக் கேளுங்க முதல்ல" என்றாள் மூச்சக்கா.

"அக்கா, அதுக்கு எங்கேருந்து காசு வரும்?"

"டேய், உன் கடன் போனதும் உனக்கு அரசாங்கத்து மேல அக்கறை வந்துடுச்சா?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். புருஷன் குழம்பைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இரண்டு தட்டு தட்டினார். கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.